திரும்பி வந்த படம்

படம் போட்ட அன்று எங்கள் பாயில் உட்கார்ந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் பெரியம்மா. படமே அவளைப் பற்றியது. முன்னால் அவளுக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், போகவில்லை. அவளுக்கு இந்தப் பக்கம் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அந்தப் பக்கம் என் அம்மா. பின்னால் காலை நீட்டிக்கொண்டு அப்பா. பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணன். அப்பாவின் தங்கை, என் அத்தை. அத்தை மடியில் தலை வைத்துத் தம்பி. பாயின் ஓரத்தில் ஒரு சித்தப்பா, ஒரு சித்தி, அவர்கள் மகள். அவளை ஒட்டி நான்.

பதினோரு பேர்.

இதில் சித்தப்பா, சித்தி, மகள் என்று சொன்ன மூன்று பேரும் எங்களுக்கு உறவு இல்லை. உங்களில் யாருக்கும் அது அன்று தெரியாது.

எழுத எனக்கு அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் அந்தத் தகரக் கொட்டகையில் என்னோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. உப்பில் நின்றவர்களுக்குச் சீக்கிரமே நரைக்கும். அன்றைக்கு விளக்கும் படமும் ஒன்றாக அணைந்தபோது டீசல் தீர்ந்துபோச்சு என்று விசில் அடித்தீர்கள். இன்றும் அதையே சொல்லிச் சிரிக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. டீசல் தீரவில்லை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுனாமி வந்து, பொங்கல் வந்ததே தெரியாமல் போனது. உப்புப் பாத்தி எல்லாம் கடல் சேறு. ஊருக்குள் யார் யாரோ வந்து போனார்கள். போர்வை கொடுக்க வந்தவர்கள், கணக்கெடுக்க வந்தவர்கள், போட்டோ எடுக்க வந்தவர்கள். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்காத சமயம். அப்போதுதான் அந்த மூன்று பேரும் விடிகிற நேரத்தில் கால்வாய்க் கரை வழியாக நடந்து வந்தார்கள். ஒரு துணி மூட்டை, ஒரு அலுமினியக் குண்டான், ஒரு எண்ணெய் டின். அவ்வளவுதான் கொண்டு வந்தது.

அவர்களும் எங்களைப் போல இருளர்தான். மேற்கே எங்கேயோ ஒரு அரிசி மில்லில் இருந்தவர்கள். தாத்தா காலத்தில் வாங்கிய முன்பணத்துக்குப் பேத்தி வரைக்கும் நெல் அவித்தார்கள். சித்திக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு விடவில்லையாம். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்துவிட்டார்கள். மில் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வேறு எங்கும் போகாமல் எங்களிடம் வந்ததற்குக் காரணம் பெரியம்மா. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எங்கள் ஜனத்துக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தது அவள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சாதிச் சான்று தரும் வரைக்கும் ஆபீஸ் வாசலில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தது அவள். செங்கல் சூளையில் இருந்து இரண்டு குடும்பத்தை மீட்டுக்கொண்டு வந்ததும் அவள்தான். இவர்களையும் விடுவித்து ஆர்.டி.ஓ. பேப்பர் கொடுப்பார், அது கைக்கு வந்துவிட்டால் மில்காரன் தொட முடியாது, அதுவரைக்கும் இங்கேயே இருங்கள் என்றாள்.

பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"இவரு உங்க சித்தப்பா. அது சித்தி. இது உங்களுக்குத் தங்கச்சி. யாரு கேட்டாலும் இதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதான்."

தம்பிக்கு ஐந்து வயது. "இவங்க புதுசா வந்தவங்கதானே" என்றான். தொடையில் கிள்ளினாள். மறுபடி கேட்டாள். மறுபடி கிள்ளினாள். மூன்றாவது தடவை அழுதுகொண்டே "சித்தப்பா" என்றான். ஒரு வாரம் தொடையில் நீலம் இருந்தது.

அந்த மகளுக்கு என் வயதுதான். பத்து, பதினொன்று இருக்கும். வெளியில் தங்கச்சி. எனக்கு அவள் கூட்டாளி. இங்கும் அப்படியே சொல்கிறேன்.

பாத்தி மிதிப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரை இறுகும் வரைக்கும் வரிசையாக நின்று, முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து, குதிகாலை அழுத்தி அழுத்தி நடப்போம். அந்த வருஷம் சேறு அதிகம், அதனால் மிதிப்பும் அதிகம். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தும். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் நடப்பது. என் தோளில் கூட்டாளியின் கை இருக்கும். வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அவள் கத்த மாட்டாள், என் தோளை இறுக்குவாள். அதை வைத்தே அவளுக்கு எந்தக் காலில் வெடிப்பு என்று எனக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி கூலிக்கு ஆள் எண்ணுவார். அவர் எண்ணினால் எப்போதும் ஒரு தலை குறையும். அதனால் அவருக்கு முன்னால் பெரியம்மா எண்ணிவிடுவாள். விரல் விட்டு எண்ணினால் அவளுக்குத் தப்பிப்போகும். உள்ளங்கையை முதலில் தன் தலையில் வைத்துக்கொள்வாள். பிறகு வரிசையில் நடந்து ஒவ்வொரு தலையாக வைப்பாள். சொரசொரவென்று இருக்கும் அந்தக் கை. கடைசித் தலையில் நின்று தொகையைச் சத்தமாகச் சொல்வாள். அதற்குமேல் மேஸ்திரி பேச மாட்டார்.

ஆனால் மேஸ்திரிக்குப் புது ஆட்கள் மேல் ஒரு கண் இருந்தது. ஒருநாள் தம்பிக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார்.

"உங்க சித்தப்பன் இத்தினி நாளா எங்கடா இருந்தான்?"

தம்பி ஐஸைச் சப்பிக்கொண்டே சொன்னான், "எங்க வூட்லதான். நீதான் பாக்கல."

மேஸ்திரி என்னையும் கேட்டார். அம்மா கூடப் பிறந்தவரா, அப்பா கூடப் பிறந்தவரா என்றார். அப்பா என்றேன். கூடப் பிறந்தவருக்குச் சாடை இல்லையே என்றார். கறுப்பு ஒண்ணுதானே என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் சொல்லவில்லை. கூட்டாளியிடம் மட்டும் சொன்னேன். அன்று என் கூடையையும் சேர்த்து அவளே சுமந்தாள்.

சனிக்கிழமைப் பாட்டு அந்தத் தை மாதக் கடைசியில்தான் தொடங்கியது. பிள்ளைகளுக்குக் கடல் பயம் போக வேண்டும் என்று உதவிக்கு வந்தவர்கள் ஏற்பாடு செய்தது. மாதா கோயில் பையன்கள் கீபோர்டும் கிட்டாரும் கொண்டு வருவார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரர் புல்லாங்குழலோடு வருவார். செருப்பே போட மாட்டார். கோட்டக்குப்பத்துப் பாய் மைக் செட்டும் சின்ன ஜெனரேட்டரும் வேனில் ஏற்றி வருவார். பொழுது சாய்ந்ததும் ஆரம்பம். டீசல் வாசனை, சுண்டல் வாசனை, தகரத்தில் மோதித் திரும்புகிற சத்தம். பிடித்தவர்கள் எழுந்து பாடலாம். மீன்காரப் பிள்ளைகளும் நாமும் ஒரே பாயில் உட்கார்ந்தது அங்கேதான்.

அந்த மூன்று பேர் மட்டும் வர மாட்டார்கள். வெளியூர்க் கூட்டம் வருகிற இடம், வேண்டாம் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். மாசி மகத்துக்கும் அவர்களைக் கூட்டிப்போகவில்லை. எங்கள் ஜனம் முழுக்க மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலில் குச்சி நட்டுச் சேலை கட்டிக் குடிசை போட்டு, கன்னியம்மாவைக் கும்பிடுகிற நாள் அது. வருஷத்தில் ஒருநாள். சித்தி போகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா உடுக்கை அடிக்கிறவர். உடுக்கை மில்லிலேயே கிடந்துவிட்டது. கொட்டகையில் கீபோர்டு ஆரம்பித்தால், எங்கள் குடிசைக்குப் பின்னால் அவருடைய எண்ணெய் டின் ஆரம்பிக்கும். தூரத்திலிருந்தே தாளம் பிசகாமல் கூடவே போவார். கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அவ்வளவு தூரத்துக்கு மெட்டுதான் வரும், வார்த்தை வராது. பாட்டு முடிந்து நான் ஓடி வந்ததும் வார்த்தையைச் சொல்லு என்று பிடித்துக்கொள்வாள். எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். மீதியை நானே போட்டுச் சொல்வேன். மெட்டில் நன்றாகத்தான் உட்கார்ந்தது.

படம் எடுத்த மேடம் வந்தது அந்த மாசி மகத்தில். மாமல்லபுரத்தில் பெரியம்மா பேசுவதைக் கேட்டுவிட்டு, இவரைப் படம் எடுக்க வேண்டும் என்று பின்னாலேயே வந்துவிட்டார். கதர்ப் புடவை, ஆம்பளை வாட்ச். எங்களோடு கஞ்சி குடித்தார். எங்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார். நல்ல மாதிரிதான், அதை மறைக்க மாட்டேன். கேமராக்காரர் வெயிலில் நின்று பெரியம்மா உப்பு வாருவதை, மனு கொடுக்கப் போவதை, பாட்டுக் கொட்டகையை எல்லாம் எடுத்தார்.

ஒரு சாயங்காலம் டின் சத்தம் கேட்டு, யார் அது என்று மேடம் கேட்டார். என் வூட்டுக்காரர் தம்பி, எனக்கும் தம்பிதான் என்று பெரியம்மா சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் உப்புக் குவியல் பக்கத்தில் பெரியம்மாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். முகத்தில் வெளிச்சம் விழ ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடிக்க வேண்டும். என்னிடம் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு கதை சொன்னாள். சான்றிதழ் கதை சொன்னாள். மேடத்துக்குப் போதவில்லை. அதெல்லாம் பழசு அக்கா, இப்ப என்ன செய்யறீங்க என்றார். பெரியம்மா உப்புக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு குடிசைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வாப்பா. அந்த டின்ன எடுத்துக்கினு வா."

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெரியம்மா அவர் தோளில் கை வைத்தாள்.

"இவரு என் தம்பி இல்ல மேடம்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மில், எந்த ஓனர், எப்படி வந்தார்கள், எங்கே வைத்திருக்கிறாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டே நின்றார். அடித்துக் காட்டச் சொன்னார்கள். முதலில் கை வரவில்லை. பிறகு அடித்தார். எங்களிடம் வந்த இத்தனை நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கேமராக்காரர் என்னைக் கிட்டே வரச் சொன்னார். அட்டையைத் திருப்பி வெயிலைச் சித்தப்பா முகத்தில் விழ வைத்தேன்.

எடுத்து முடித்ததும் மேடம் கேட்டார், "அக்கா, இத படத்துல வெச்சா ஒண்ணும் பிரச்சனை இல்லியே?"

பெரியம்மா சிரித்தாள்.

"இங்க யாரு பாக்கப் போறா மேடம்? சுனாமிக்கு வந்து எங்கள எத்தினி பேரு போட்டோ புடிச்சாங்க. ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? டில்லிக்குப் போவும், வெளிநாட்டுக்குப் போவும். போனா போனதுதான்."

அது உண்மைதான். எங்களைப் பிடித்த போட்டோ ஒன்றுகூட எங்கள் கைக்கு வந்ததில்லை. கேமரா என்றால் எடுத்துக்கொண்டு போகிற சாமான் என்றுதான் எங்களுக்குத் தெரியும். மேடத்துக்கு அப்படி இல்லை. எங்களை எடுத்ததை எங்களுக்கே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அவர் ஏற்கெனவே மனதில் வைத்திருந்தார். பின்னால் அவரே சொன்னார். அந்த நேரத்தில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

தம்பி அவ்வளவு நேரமும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியில் என்னைக் கேட்டான்.

"பெரியம்மா சொல்லிடுச்சே. அத யாரு கிள்றது?"

எனக்கும் அதே கேள்விதான். எங்கள் வாயை எல்லாம் கட்டி வைத்தவள், கேமராவுக்கு முன்னால் தன் வாயை அவிழ்த்துவிட்டாள். ஆனால் பெரியவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆவணியில் சேதி வந்தது. படம் தயார், சனிக்கிழமைப் பாட்டு முடிந்ததும் கொட்டகையில் போடுகிறோம் என்று. பெரியம்மாவுக்கு முகம் ஒரு நிமிஷம் மாறியது. மேடம் வந்ததும் அந்த மில் சமாச்சாரம் இருக்குதா என்று கேட்டாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது உங்க கதை அக்கா. நீங்கதான் ஹீரோயின்" என்றார். பெரியம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இருக்குதா இல்லையா என்று மறுபடி கேட்கவில்லை. அன்று கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

அக்காவைப் பற்றிய படம், நாங்களும் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். பெரியம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள், "இருட்டினதும் வாங்க. கடைசியில ஒக்காந்துக்கலாம். இருட்டுல யாரு மொகம் யாருக்குத் தெரியும்?"

படத்துக்குச் சின்ன ஜெனரேட்டர் தாங்காது. பாய் யாரையோ பிடித்துப் பெரியது ஒன்று வரவழைத்தார். ஏதோ ஒரு மில்லில் இருந்து டிராக்டரில் வந்தது. எந்த மில் என்று ஒருவரும் கேட்கவில்லை. சத்தம் கேட்கக்கூடாது என்று தள்ளி, உப்புக் குவியலுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஓட்டி வந்த டிரைவரும் அங்கேயே இருந்தான். இரண்டு சவுக்குக் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள்.

கூட்டாளி முதல் தடவையாகக் கொட்டகைக்கு வந்தாள். தலையில் சித்தியின் முந்தானை. மாதா கோயில் பையன்கள் பாட ஆரம்பித்ததும் கூடவே வாயை அசைத்தாள். இரண்டாவது அடியில் என் தொடையில் கிள்ளினாள்.

"நீ சொன்னது வேற. இவங்க வேற பாடுறாங்க."

"எனக்கு மறந்துபோச்சு. நானே போட்டேன்."

"எத்தினி பாட்டுல?"

"எல்லாத்துலயும்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொட்டகையில் பாடியதை விட்டுவிட்டு, நான் கட்டிச் சொன்ன வார்த்தையையே கடைசி வரைக்கும் மெதுவாகப் பாடினாள். வேர்க்கடலையை உரித்து என் கையில் பாதி, அவள் கையில் பாதி. சித்தப்பா முழங்காலில் தாளம் போட்டார். அன்று அவர்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

படம் ஆரம்பித்தது. துணியில் பெரியம்மா வந்ததும் நீங்கள் எல்லாம் விசில் அடித்தீர்கள். உப்பு வாரினாள், விசில். மனுவைத் தூக்கிக் காட்டினாள், விசில். அவள் குனிந்துகொண்டே பார்த்தாள். பிறகு டின் சத்தம் வந்தது. துணி முழுக்கச் சித்தப்பாவின் முகம். வீட்டுச் சுவர் அளவுக்கு இருந்தது. பல் தெரிகிறது, கன்னத்துத் தழும்பு தெரிகிறது, வெயில் நேராக விழுகிறது. "இவரு என் தம்பி இல்ல மேடம்" என்று பெரியம்மாவின் குரல் மைக்கில் கேட்டது. அப்புறம் மில் கதை. கடைசியில் மேடத்தின் குரல், இந்தக் குடும்பம் இப்போது மரக்காணம் உப்பளத்தில் இவருடைய பாதுகாப்பில் இருக்கிறது என்று.

கூட்டாளியின் கை என் கையில் இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லிட்டீங்களாடி."

நான் சொல்லவில்லை என்றேன். துணியில் டின் அடித்த அடியில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அங்கே சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே இருட்டாகிவிட்டது.

பாய் இருட்டில் தட்டுத் தடுமாறி ஓடி வந்தார். "அக்கா, அந்த டிரைவர் மிஷின நிறுத்திட்டுப் போறான். எங்க மில் ஆளு இவன், எங்க டீசல்லயே எங்களக் காட்றீங்களான்னான். யாரு பைக்கையோ கேட்டு வாங்கிட்டான் அக்கா. எனக்குத் தெரியாது, அல்லா மேல ஆணை" என்றார்.

விடிவதற்கு முன்னால் மில் வேன் வந்தது. குடிசை குடிசையாகப் பார்த்தார்கள். எண்ணெய் டின் மட்டும் இருந்தது. காலால் எத்திவிட்டுப் போனார்கள். மேடம் அழுதார். முகம் தெரிஞ்சா ஊரே காவலுக்கு நிக்கும்னு நெனச்சேன் என்றார். ஊர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மழை பிடித்த பிறகு ஆர்.டி.ஓ. பேப்பர் வந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. படத்துக்கு எங்கேயோ பரிசு கிடைத்தது என்று பெரியம்மா படம் போட்ட அட்டை ஒன்று தபாலில் வந்தது. முதல் தடவையாக எங்கள் போட்டோ எங்களுக்குத் திரும்பி வந்தது. அவள் அதை மாட்டவில்லை.

அப்புறமும் அவள் பல பேரை மீட்டாள். கேமரா வந்தால் எழுந்து போய்விடுவாள். அந்த மூன்று பேரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாகும் வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டது நான்தான். அப்போதும் கேட்கவில்லை. நானும் அண்ணனும், ஐந்து வயதுத் தம்பிகூட, ஐஸுக்கும் மசியாமல் வாயைக் காத்தோம். அது கூட்டாளிக்குத் தெரியாமலே போய்விட்டது. அவர்கள் அகப்பட்டார்களா, தப்பினார்களா, இன்றுவரைக்கும் தெரியாது.

படம் அணைந்த அந்த ராத்திரி, பாய் சொல்லிவிட்டுப் போனதும் பெரியம்மா இருட்டில் எழுந்தாள். அவள் எழுந்தது சேலைச் சத்தத்தில் தெரிந்தது. உங்கள் விசில் அப்போதும் நிற்கவில்லை. முதலில் தன் தலையில் கை வைத்திருப்பாள். பிறகு பெரியப்பா. அம்மா. அப்பா. அண்ணன். அத்தை. தூங்கிப்போன தம்பி. உப்புக் கை என் தலைக்கு வந்தது. என்னைத் தாண்டிக் காற்றில் துழாவியது. பிறகு கீழே இறங்கிப் பாயைத் தடவியது. கடலைத் தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி என் தலைக்கே வந்து நின்றது.

தொகையை எப்போதும் சத்தமாகச் சொல்கிறவள், அன்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

எட்டு.